இருபத்திரண்டு வருட ஊழியர்

போலீஸ்காரர் நீட்டிய தாளைச் சித்தி வாங்கி, ஏறிட்டும் பார்க்காமல், கணவரின் அண்ணன் மகளான அவள் கையில் திணித்தாள்.

"நீதான் படிச்சவ. என்ன எழுதியிருக்குன்னு சத்தமாப் படி."

பிணவறை வாசலில் ஒரே ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் சித்தியும் சித்தியின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றுகொண்டே படித்தாள். பத்திரிகையில் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில் இப்படிப்பட்ட தாள்கள் எத்தனையோ அவள் கைக்கு வந்திருக்கின்றன. இதை ஒவ்வொரு சொல்லாகத்தான் படிக்க முடிந்தது.

"'கம்பெனி யார்டில் வேலையின்போது, பின்னால் வந்த லாரியைக் கவனிக்காமல் நின்றதால் என் கணவர் அடிபட்டு இறந்தார். அவருடைய சாவில் எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை.'"

"கவனிக்காம நின்னாராமா?" என்றாள் சித்தி. "லாரி உறுமுற சத்தத்தை வச்சே எத்தனை டன்னுன்னு சொல்ற மனுசன்."

சித்தப்பாவுக்கு அந்தக் கம்பெனியின் எடைமேடையில் வேலை. லாரி மேடையேறி நிற்கும். எடை பார்த்துச் சீட்டுப் போட்டுக் கொடுப்பார். யார்டில் அவருக்குப் பேரே தராசு. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த பாலம் இடிந்து விழுந்து, கீழே நின்ற ஏழு கூலிக்காரர்கள் நசுங்கிச் செத்தார்கள். கம்பெனி மந்திரியின் மச்சானுடையது. யாரும் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாதான் திறந்தார், அண்ணன் மகளிடம்.

"ஒரே லாரி, ஒரே லோடு. இறக்காமலே நாலு சுத்து சுத்தி வந்து மேடை ஏறும். நாலு சீட்டுப் போடுன்னாங்க, போட்டேன். அப்புறம் பாலத்துல சிமெண்ட் எங்கருந்து இருக்கும்? அந்த ஏழு பேர் சாவுல என் கையும் இருக்கும்மா."

எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "யாரோ சொன்னாருன்னா எவன் நம்புவான்? ஆளு யாரு, என்ன தகுதி, ஒரு வரி போடு." பேரைப் போடவில்லை. வயதைப் போடவில்லை. 'எடைமேடையில் இருபத்திரண்டு வருடமாகப் பணிபுரியும் ஊழியர் ஒருவர்' என்று போட்டாள். போடும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலமெல்லாம் 'டேய் தராசு' என்று கூப்பிடப்பட்ட மனிதருக்கு அச்சில் ஒரு மரியாதை.

பேப்பர் வந்த காலையில் சித்தப்பா போனில் சிரித்தார். "ஏம்மா, அந்த மேடையில இருபத்திரண்டு வருசமாக் குந்தியிருக்கிறவன் நான் ஒருத்தன்தானே. அப்படியே என் போட்டோவையும் போட்டிருக்கலாம்ல?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ரெண்டு நாள் எங்க வீட்டுக்கு வந்துடுங்க சித்தப்பா" என்றாள்.

"போம்மா. நம்மள எவன் மதிச்சு அடிக்கப் போறான்."

அவள் இன்னும் ஒரு தடவை வற்புறுத்தியிருக்கலாம். அடுத்த செய்தியைச் சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டாள். அது நடந்து மூன்று நாள்.

செய்தியின் தலையில் 'நமது நிருபர்' என்றுதான் இருந்தது. அந்த நிருபர் யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

"படிச்சாச்சுல்ல, கையெழுத்தைப் போடுக்கா" என்றார் சித்தியின் தம்பி. "தவளை தன் வாயால கெட்டுச்சாம். எந்தப் பேப்பர்காரன்கிட்டயோ போய் ஊதியிருக்காரு, பெரிய அரிச்சந்திரன்!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றாள் சித்தி. "பேப்பர்காரனுக்குத்தான் சொல்லத் தோணியிருக்கு."

கம்பெனி மேனேஜர் கசங்காத சட்டையோடு பக்கத்தில் வந்து குனிந்தார். "உங்க குவார்ட்டர்ஸ் வீட்டை யாரும் கேட்க மாட்டாங்கம்மா. கேன்டீன்ல உங்களுக்கு வேலைக்கும் சொல்லிட்டேன். இதுல ஒரு கையெழுத்து, இன்னைக்கே உடம்பை வாங்கிடலாம். சந்தேகம் கிந்தேகம்னு எழுதினா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, அறுப்பாங்க, நாள்கணக்கா இழுக்கும். அவரு ஆத்மாவுக்கும் நல்லதில்ல."

சித்தி எழுந்தாள். "வாடி இங்க" என்று அவளைக் கைகழுவும் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"முகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன் சித்தி."

"ஒரு கன்னம்தான் வழிச்சிருக்கு. இன்னைக்கு அவருக்கு லீவு. கண்ணாடி முன்னால நிக்கிறப்போ போன் வந்துச்சு. சோப்பைத் துடைச்சுட்டு ஓடினாரு. பாதி முகத்தோட எந்த மனுசன் வேலைக்குப் போவான்? அப்படி என்ன அவசரம்? இப்ப அந்தப் போனையும் காணோம்." குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. "ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. பேப்பர்ல பேரு இல்லையே. அவருதான்னு இவனுங்களுக்கு எப்படித் தெரியும்? அது தெரியாம நான் எதை வச்சுச் சந்தேகப்பட? தெரியலன்னா சொல்லு, கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டையாவது காப்பாத்திக்கிறேன். நீ பேப்பர்ல இருக்கிறவ. தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். சித்திக்கு வீடு இருக்கும். அவளுக்குச் சித்தி இருப்பாள்.

"அதை எழுதினது நான்தான் சித்தி. இருபத்திரண்டு வருசம்னு போட்டது நான்."

சித்தி குழாயை இறுக்கி மூடினாள். அது நின்றது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். போன்ல சிரிச்சாரு."

"சிரிச்சாரா" என்றாள் சித்தி. "பேப்பர் வந்த அன்னைக்கே அவரு முழிச்ச முழியில எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கேட்டேன், எவன்கிட்ட வாயைத் திறந்தீங்கன்னு. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. எவ்வளவோ திட்டினேன். அன்னையிலருந்து அவரோட நான் பேசல. இன்னைக்கு வெளிய போறப்பவும் பேசல."

அவள் சித்தியின் கையைப் பிடிக்கப் போனாள். சித்தி கையை முந்தானையில் துடைத்தபடி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"எனக்குச் சந்தேகம் இருக்குங்க" என்று போலீஸ்காரரிடம் சொன்னாள். "வேற தாள் குடுங்க."

"அக்கா, வீடு போயிடும்!"

"போகட்டும்டா."

மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போலீஸ்காரர் பெருமூச்சு விட்டு வெள்ளைத் தாளை எடுத்தார். "காரணம் எழுதணும்மா. காரணம் இல்லாத சந்தேகம் செல்லாது."

"அவ எழுதுவா."

பெஞ்சில் தாளை வைத்து, தரையில் முட்டி போட்டு எழுதினாள். பேர்களை மறைத்து எழுதித்தான் அவளுக்குப் பழக்கம். இதில் ஒன்றையும் மறைக்க முடியாது. சித்தியே சொல்வதுபோல எழுத வேண்டும். 'செய்தியில் வந்த விவரத்தை வைத்து என் கணவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அந்தச் செய்தியை எழுதியவள் என் கணவருடைய அண்ணன் மகள்.' அதன் கீழே தன் பேரையும் தன் அப்பா பேரையும் எழுதினாள். தோளுக்கு மேலாக எட்டிப் படித்த சித்தியின் தம்பி, "அடிப்பாவி" என்றார். சத்தமே வரவில்லை.

சித்தி ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்தது. உடம்பை ஏற்றினார்கள். பக்கத்துப் பலகையில் மூன்று பேர் உட்காரலாம். சித்தி ஏறினாள், தம்பி ஏறினார். அவள் படியில் கால் வைத்தாள். மிச்சமிருந்த இடத்தில் சித்தி உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"நீ ஆபீசுக்குப் போ" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

அவள் காலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அது திரும்பத் திறந்துகொண்டது.

"லேசாத் தொட்டா மூடாதும்மா" என்றார் டிரைவர். "ஓங்கி அடி."

அடித்தாள். மறுபடியும் திறந்துகொண்டது. மூன்றாவது தடவை உடம்பையே கொடுத்து அறைந்தாள். பூட்டு விழுந்தது.