பெட்டிக்கு முன்னால் போன தோட்டம்

பக்கத்து வீட்டு ஆர்செனியோ கயிற்றால் சவப்பெட்டியை அளந்தான். அதே கயிறோடு வாசலுக்கு ஓடினான். திரும்பி வந்து மறுபடியும் அளந்தான். எத்தனை முறை அளந்தாலும் கயிறு ஒரே பதிலைத்தான் சொன்னது.

"பெட்டி வெளிய வராது லியோனிலா அக்கா. வாசல்ல அந்த ஃபிரிட்ஜ்கிட்ட திரும்பணும், இடமில்ல."

"உள்ள மட்டும் எப்படி வந்துச்சு?"

"அன்னைக்கு காலிப் பெட்டி. நட்டக்குத்தலா நிமிர்த்திக் கொண்டுவந்தோம். இப்ப அண்ணன் உள்ள இருக்காரே. நிமிர்த்தினா எழுந்து நிப்பாரு."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். லியோனிலாவின் கணவன் டெல்ஃபின் உயிரோடு இருந்திருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

நவோட்டாஸ் மீன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் முன்னால் திறந்த வாசல் விட்ட வீடு கிடைப்பதே அதிர்ஷ்டம். டெல்ஃபின் அந்த வாசலை ஓரடி விடாமல் நிரப்பி வைத்திருந்தான். அவன் வேலை பார்த்தது பழைய இரும்புக் கடையில். உடைக்க வந்த சாமானில் நல்லதெல்லாம் அவனோடு வீட்டுக்கு வந்துவிடும். கதவு போன ஃபிரிட்ஜை மல்லாக்கப் போட்டுக் கீரை. சலவை இயந்திரத்தின் தொட்டியில் கத்தரி. டயர்களில் வெண்டை, பெயின்ட் வாளிகளில் மிளகாய். வெயிலுக்கு மறைப்பாக, தேர்தல் முடிந்ததும் அவிழ்த்து வந்த பதாகை ஒன்று. தோற்றுப்போன வேட்பாளர் அதிலிருந்து கத்தரிச் செடிகளைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

டெல்ஃபினின் அக்கா பூரிட்டா எழுந்து வந்தாள். துக்க வீட்டுக்கு வந்த நாள் முதல் சட்டம் எல்லாம் அவளுடையதுதான். வீட்டைப் பெருக்கக் கூடாது. விருந்தாளியை வாசல் வரை வழியனுப்பக் கூடாது. கஞ்சியில் முருங்கைக்கீரை போடவே கூடாது, இலை உதிர்கிற மாதிரி வீட்டில் ஒவ்வொருத்தராக உதிர்வார்களாம். தோட்டத்து முருங்கை அந்த வாரம் முழுக்க ஒரு கை படாமல் தழைத்து நின்றது.

"கடப்பாரையப் போட்டு உடைங்கடா. மண்ண சாக்கடையில தள்ளுங்க. பாதிரியார் காத்துக்கிட்டிருக்காரு," என்றாள் பூரிட்டா.

"உடைக்க வேணாம் அண்ணி."

"குப்பையில இருந்து வந்ததுதானே லியோனிலா?"

"கல்லறை அஞ்சு வருஷ வாடகை. அது முடிஞ்சா எலும்பை எடுத்துட்டு வேற ஆளை வைப்பாங்க. புள்ள குட்டியும் இல்ல. இதையும் உடைச்சிட்டா அவரு எங்க இருப்பாரு?"

ஆர்செனியோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அப்ப ஆளுக்கு ஒண்ணா தூக்கி அவங்கவங்க வீட்டுல வெச்சிக்கலாமே," என்றான்.

"சாவு வீட்டுப் பொருளையா? ஒரு பிஸ்கட்டக்கூட எடுத்துட்டுப் போகக் கூடாது!" என்று குறுக்கே வந்தாள் பூரிட்டா.

அண்டை வீட்டார் பின்வாங்கினார்கள். உதவ ஆசைதான், உயிர் மேலும் ஆசை. ஒற்றை அறை வீட்டுக்குள் சவப்பெட்டியும் நாற்காலிகளும் போக ஒரு வாளி வைக்கவும் இடமில்லை.

லியோனிலா கறுப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு மிளகாய் வாளியைத் தூக்கினாள்.

"வீட்டுக்கு வேணாம். பாஸ்கெட்பால் கோர்ட்டுல வைங்க. அது யாரு வீடும் இல்ல."

அதற்குப் பூரிட்டாவிடமும் சட்டம் இல்லை. அவளே ஒரு வெண்டை டயரை உருட்டிப் பார்த்தாள். மண் கொட்டியது. திட்டிக்கொண்டே இன்னொருத்தியோடு சேர்ந்து தூக்கினாள்.

ஃபிரிட்ஜுக்கு எட்டு ஆள் தேவைப்பட்டது. அடியில் பாதிவரை தேங்காய் மட்டையும் காலி பாட்டிலுமாகப் போட்டு டெல்ஃபின் மேலேதான் மண் நிரப்பியிருந்தான். அதனால்தான் மூங்கில் கொடுத்துத் தூக்க முடிந்தது. கீரையோடு அது சந்தில் மெல்ல ஆடி ஆடிப் போனது. மூலைக் கடைக்காரி பார்த்துவிட்டு இரண்டு முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, ஒரே வீட்டுல ரெண்டு பொணமா?"

"கீரைம்மா, கீரை! வழிய விடு!" என்று கத்தினான் ஆர்செனியோ.

வாளி, தொட்டி, முருங்கை நின்ற நீல டிரம் எல்லாம் முன்னே போக, டெல்ஃபின் பின்னால் வந்தான். எந்தப் பக்கமும் இடிக்காமல், படுத்தபடியே, சுகமாக வெளியே வந்தான்.

அடக்கம் முடிந்ததும் யாரும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. போனால் சாவும் பின்னாலேயே வருமாம், வழியில் எங்காவது உட்கார்ந்து அதை உதறிவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் ரொட்டிக் கடைக்குப் போனார்கள். லியோனிலா கோர்ட்டுக்கு நடந்தாள். பூரிட்டாவும் கூடவே வந்தாள்.

பாதிக் கோர்ட்டில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மறுபாதியில் தோட்டம். பந்து கத்தரிப் பக்கம் உருண்டபோது விளையாடியவர்கள் செடியில் காலே படாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். இருவரும் சிமென்ட் படியில் உட்கார்ந்தார்கள்.

"மத்தியான வெயில் இதுங்க மேலதான் அடிச்சிருக்கு," என்றாள் பூரிட்டா. "இதுக்கெல்லாம் டெல்ஃபின் எவ்வளவு தண்ணி ஊத்துவான்?" என்று கேட்டாள்.

லியோனிலாவுக்குத் தெரியவில்லை. விடியும் முன்னே தூக்கத்தில் அவன் தண்ணீர் ஊற்றும் குவளைச் சத்தம் கேட்கும், புரண்டு படுத்துக்கொள்வாள். அத்தனை வருஷமும் அவ்வளவுதான் கேட்டிருந்தாள். கல்லறையில் வராத அழுகை அப்போது வந்தது.

பூரிட்டா கைப்பையைத் துழாவி, தான் பாதி குடித்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

லியோனிலா அதை வாங்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜின் ஓரம் குந்தினாள். கொஞ்சம் ஊற்றிவிட்டு, மண் அதைக் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.