கத்தரிக்கு ஓர் உறை

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தோல் வேலை பழகப் போகிறாய், கடைக்காரர் ஒரு பெட்டி நிறையக் கருவிகளைக் காட்டி ஆசை மூட்டியிருக்கிறார், எதை வாங்குவது எதை விடுவது என்று முறையாக எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். நீ இதை என்னிடம் கேட்டிருப்பதாக உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் விஷயம், அந்தப் பெட்டியை வாங்காதே. நான் வாங்கினேன். அதில் பாதிக் கருவிகளுக்கு இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாது. ஒன்றை மட்டும் உன் அண்ணி பார்த்த உடனே புரிந்துகொண்டு, அடைத்துப்போன அடுப்புத் துளையைக் குத்த எடுத்துக்கொண்டாள். பெட்டியிலேயே உருப்படியாகப் பயன்படுவது அதுதான்.

உனக்கு வேண்டியது ஒரு நல்ல கத்தி, வழுக்காத இரும்பு அளவுகோல், ஒரு குத்தூசி, மொட்டை முனை ஊசி இரண்டு, மெழுகு பூசிய நூல், ஒரு மரச்சுத்தியல். அடியில் வைக்கக் காய்கறி வெட்டும் பலகை போதும். ஆனால் வீட்டில் புழங்கும் பலகையை எடுத்துவிடாதே. ஏன் என்று கேட்காதே.

வெட்டும்போது ஒரே இழுப்பில் அறுத்துத் தள்ள நினைக்காதே. லேசாக மூன்று நான்கு முறை ஓட்டு. நான் முதல் நாள் வீரத்தைக் காட்டி அழுத்தினேன். அளவுகோல் ஒரு பக்கம் போனது, கத்தி ஒரு பக்கம் போனது, நடுவில் என் பெருவிரல் இருந்தது. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அதனால் ஒரு மரப்பலகையில் தோல் துண்டின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டி, உலோகத்தைத் தேய்த்து மினுக்கும் மெருகுப் பசை தடவி வைத்துக்கொள். கத்தியின் முதுகு முன்னே போகும்படி அதில் இழுத்தால் கூர் ஏறும். அந்தப் பலகையை மறக்காதே. பின்னால் வரும்.

தையல் துளைகள் ஒரே இடைவெளியில் விழ, சாப்பிடும் முள்கரண்டியை ஓரமாக அழுத்திக் குறி போட்டுக்கொள். நூல், தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு வேண்டும். இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. ஒரே துளையில் ஒன்று இந்தப் பக்கமிருந்தும் மற்றது அந்தப் பக்கமிருந்தும் போக வேண்டும். ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். மடிக்கும் இடத்தில் தோலின் உள்பக்கத்தைச் சீவி மெலிதாக்கு. நான் சீவாமல் ஒரு பணப்பை தைத்தேன். அது மூடவே மூடாது. இப்போது காற்றில் அடிக்கும் படுக்கையறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல உழைப்பு.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நான் மரியாதையாக இருந்திருப்பேன். ஈரம் வைத்து உருப்பிடிக்கும் வித்தையைப் பற்றியும் நீ கேட்டுவிட்டாய். அதைச் சொல்ல வேண்டுமானால் கத்தரிக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

உன் அண்ணியின் தங்கையைத் தெரியுமல்லவா? ஒரு சலூனில் வருஷக்கணக்காகப் பிறர் வெட்டிய முடியைக் கூட்டி, பிறர் வெட்டப்போகும் தலையைக் கழுவிக்கொண்டிருந்தவள். வெட்டக் கற்றுக்கொண்டாள், நன்றாகவும் வெட்டுவாள். ஆனால் அங்கே அவளுக்கென்று ஒரு நாற்காலி கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு சலூன் திறந்தார்கள். சனிக்கிழமை காலை வந்து இரண்டு தலை வெட்டிக் காட்டு, பிடித்திருந்தால் நாற்காலி உனக்கு, கத்தரி உன்னுடையதாக இருக்கட்டும் என்று அதை நடத்தும் அம்மாள் சொல்லியிருந்தார். அதற்காக வெள்ளிக்கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளிடம் இருப்பது ஒரே கத்தரி. தொழிலை விட்டுப்போன ஒருவரிடம் வாங்கியது, பழைய காலத்து எஃகு. கூர் போகாது, ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். தினமும் துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத்தான் தூங்குவாள். அதைத் துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான்.

"இடுப்புல மாட்டிக்கிற மாதிரி ஒரு தோல் உறை பண்ணித் தரேம்மா. நாளைக்கு அதோட போ. பாக்கிறவங்க அசந்துடுவாங்க."

"அந்தப் பணப்பை மாதிரியா மாமா?"

"அது ஆரம்பத்துல பண்ணினது."

"போன வாரம்தானே பண்ணீங்க?" என்றாள் உன் அண்ணி, அடுப்படியிலிருந்தே.

தங்கை யோசித்தாள். "பேப்பர்ல வரைஞ்சு அளவு எடுத்துட்டு கத்திரிய கையோட குடுத்துடுங்க மாமா. தண்ணி மட்டும் பட்டுடக் கூடாது."

நான் பேப்பரில் வரைந்தேன். முறையாகத்தான் வரைந்தேன். ஆனால் வெட்டிப் பார்த்தபோது உறை தட்டையாக, உயிரில்லாமல் இருந்தது. தோலை நனைத்து, பொருளின் மேல் வைத்து அழுத்திக் காயவிட்டால் அச்சு எடுத்தது போல வரும் என்று எங்கோ பார்த்திருந்தேன். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோல்தான் இதற்கு ஒத்துவரும். அதுதான் என்னிடம் இருந்தது. தண்ணீரில் முக்கி எடுத்து, நிறம் கொஞ்சம் வெளுக்கத் தொடங்கும்வரை காத்திருந்து, கத்தரியை நடுவில் வைத்து, விரலால் வளைவுகளையெல்லாம் அழுத்தி, சுற்றிலும் துணிக் கிளிப்புகளை மாட்டினேன். என்ன அழகு! கைப்பிடி வளையம்கூடத் தெரிந்தது. அவள் தூங்கிவிட்டிருந்தாள். காலையில் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

செய்யாமல் விட்டது ஒன்றுதான். கத்தரியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

காலையில் அவள் குளித்து, தலை வாரி, தயாராக வந்து நின்றாள்.

"மாமா, என் கத்திரி?"

"காயுது."

"கத்திரி எதுக்கு மாமா காயணும்? அது என்ன துணியா?"

உன் அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, முழியே சரியில்ல. எடுத்துட்டு வாங்க."

கிளிப்புகளைக் கழற்றினேன். தோலின் உள்ளே கத்தரி மாதிரியே ஒரு கருப்புப் படம். பட்டைச் சாறு ஏறிய தோல் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுத்துப்போகும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். கத்தரியை எடுத்தால் இரண்டு அலகிலும் பழுப்புப் புள்ளிகள், யாரோ காப்பி தெளித்தது போல.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து கத்தரியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பழைய சலூன்ல ஒண்ணு கேட்டு வாங்கலாமா?" என்றேன்.

"எதுக்குன்னு கேப்பாங்களே. இங்க கிடைக்கலைன்னா அங்கயும் போயிடும் மாமா."

"கடையில புதுசு?"

"புதுக் கத்திரி கைக்குப் பழகவே பத்து நாள் ஆகும்."

நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். பாய்ந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க! உள்பக்கம் கீறல் விழுந்தா கத்திரி செத்துச்சு. ரெண்டு அலகும் ஒரு கோட்டுலதான் உரசும். அக்கா, எண்ணெய் குடு. பஞ்சு குடு. மாமாவை அந்தப் பக்கம் உக்கார வை."

அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். திருகைத் தளர்த்தி, உள்பக்கத்தை எண்ணெய்ப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அலகுகள் மூடியிருந்ததால் அங்கே ஈரம் அதிகம் போகவில்லை. வெளிப்பக்கப் புள்ளிகள்தான் அசையவில்லை. அப்போது எனக்கு என் கூர்ப்பலகை நினைவு வந்தது. வாயைத் திறக்கப் பயமாக இருந்ததால் பலகையை மெதுவாக மேஜைமேல் தள்ளினேன்.

"இது என்ன?"

"தோல்தான். காஞ்ச தோல்," என்று அவசரமாகச் சொன்னேன். "பசை ரொம்ப நைசு. வெளிப்பக்கம் மட்டும் படுக்கவச்சு இழுத்துப் பாரு."

விரலால் பசையைத் தேய்த்துப் பார்த்தாள். இழுத்தாள். துடைத்தாள். மறுபடி இழுத்தாள். பழுப்பு மெல்லப் போய், சாம்பல் நிற நிழல் மட்டும் தங்கியது. பிறகு மெல்லிய காகிதத்தை நனைத்து வெட்டினாள். ஈரக் காகிதம் கிழியாமல் அறுபட்டால் கத்தரி நல்ல கத்தரி. அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது, நுனிக்குப் பக்கத்தில் சிக்கியது.

"நுனில கடிக்குது." கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என் தலையைப் பார்த்தாள். "உக்காருங்க மாமா."

"உக்காந்துதானே இருக்கேன்."

"நிமிந்து உக்காருங்க."

உன் அண்ணி மிகுந்த உற்சாகத்தோடு ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து என் கழுத்தில் இறுக்கினாள். தேவைக்கு அதிகமாகவே இறுக்கினாள். தங்கை வெட்ட ஆரம்பித்தாள். முதலில் நுனி இரண்டு முறை முடியைக் கவ்வியது. அப்புறம் அவள் கை மாறியது. நுனியைத் தூக்கிப் பிடித்து, அலகின் நடுப்பகுதியில் மட்டும் சின்னச் சின்னதாக வெட்டினாள். சத்தமே மாறிவிட்டது. திடீரென்று காதோரம் சுரீர் என்றது.

"ஆ! கத்திரி கடிக்குதும்மா!"

"கத்திரி இல்ல மாமா. அது நான் இழுத்தது."

நுனியோடு போராடிய என் வலது பக்கம் படிக்கட்டு மாதிரி இருந்தது. இடது பக்கம் சினிமாக்காரன் மாதிரி இருந்தது. அவள் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்து, "போதும், பிடி கிடைச்சிடுச்சு," என்று கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வலது பக்கத்தைச் சரி செய்ய நேரமில்லை என்றாள். நேரம் இருந்தது.

அவள் திரும்பி வரும்வரை உன் அண்ணி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். நான் மேஜையைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "ரெண்டாவது தலை முடியறப்ப அந்தம்மா பக்கத்துல வந்து நின்னு, ஏன் நுனியே படாம வெட்டறன்னு கேட்டாங்க. நடந்ததைச் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அங்க இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா, மோசமான கத்திரில இப்படி வெட்டறவ நல்ல கத்திரில எப்படி வெட்டுவான்னு பாக்கணும்னாங்க. சாணை பிடிக்கிறவர் திங்கக்கிழமை வருவாராம், நுனியை அவர் சரி பண்ணித் தருவாராம். முதல்ல வாரத்துக்கு மூணு நாள். ஜன்னல் பக்கத்து நாற்காலி."

உன் அண்ணி அவளைக் கட்டிக்கொண்டாள். என்னை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அது நியாயம்தான்.

உறையை எறிய மனம் வரவில்லை. இரும்பு பட்டால் கறுக்கும் தோல் அல்லவா, முழுவதையும் கறுக்க வைத்துவிட்டால் கறை எங்கே தெரியும்? வினிகரில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சில நாள் ஊறப்போட்டேன். (மூடியை இறுக்காதே, வாயு கட்டும்.) வடிகட்டித் தடவியதும் தோல் கண்ணெதிரே கன்னங்கரேலென்று ஆனது. சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, காய்ந்தபின் ஓரம் தைத்து எண்ணெய் பூசினேன். சொன்னால் நம்ப மாட்டாய், நான் செய்ததிலேயே நன்றாக வந்த பொருள் அதுதான். வீடு ஒரு வாரம் ஊறுகாய் ஜாடி மாதிரி நாறியதை உன் அண்ணி தனியாக எழுதுவாள்.

தங்கை அதைத் தினமும் இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். முடி வெட்டிக்கொள்ள இப்போது நானும் அங்கேதான் போகிறேன். போன முறை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். உறையில் சீப்புகளும் கிளிப்புகளும் நிறைந்திருந்தன. கத்தரி பழையபடி துணியில் சுற்றி மேஜைமேல் இருந்தது.

"இன்னும் அதுல கத்திரிய வைக்கலையாம்மா? இப்பதான் நல்லாக் காஞ்சிடுச்சே."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு ராத்திரி அது அங்க தங்கினது போதும் மாமா. தலையை ஆட்டாதீங்க."

ஆகவே தம்பி, மேலே எழுதிய கருவிகளோடு பிளாஸ்டிக் தாள் ஒரு சுருளும் சேர்த்துக்கொள். தோலை நனைக்குமுன் உள்ளே வைக்கும் பொருளை இரண்டு சுற்றுச் சுற்று. அதற்கும் முன்னால், அந்தப் பொருள் யாருடையது என்று பார்.

அன்புடன்,
அண்ணன்