மேல்கட்டிலுக்குச் சொன்ன பிள்ளை

கண்டக்டரம்மாள் சொன்ன பொய், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வீட்டுக்கு வந்து, மகளுடைய அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கு மூன்று வயது. ஆண் பிள்ளை. இடது கைப் பழக்கம். வாழைப்பழத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று அவளுக்கு வார விடுமுறை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, இவனா!" என்றாளே தவிர, யார் இவன் என்று யோசிக்கவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியும்போது, சொன்னவளுக்குச் சொன்ன பொய்யை அடையாளம் தெரியாதா என்ன?

எல்லாம் கட்டிலால் வந்த வினை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவளுடைய ஒரே மகள், படுத்துத் தூங்க மாடி பஸ் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அம்மாவுக்கு வேலை பஸ்ஸில், அப்பாவுக்கு வேலை பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில்; பிள்ளை வேறு எதைக் கேட்கும்? "நீ எப்பப் பாத்தாலும் பஸ்லதானே இருக்க. நானும் பஸ்ல படுத்தா உங்கூட இருக்கற மாதிரி இருக்கும்ல" என்றாள் குழந்தை, வெள்ளை மனசாக. கேட்டவளுக்குச் சுருக்கென்றது. பிள்ளை கண் விழிக்கும் முன்பே டிப்போவுக்கு ஓடுகிறவள். திரும்பும்போது அது பாதித் தூக்கத்தில் இருக்கும். கட்டிலையாவது வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று கடை கடையாக ஏறினாள். கார் கட்டில், கோட்டைக் கட்டில், ராக்கெட் கட்டில் எல்லாம் இருந்தன. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுப்பில் கை வைத்தவள் மாதிரி வெளியே வந்தாள். "வெறுங்கட்டில் ஒண்ணு பழசாக் கெடச்சாப் போதும், பஸ்ஸை நான் பாத்துக்கறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தினமும் அவள் பஸ்ஸில் வரும் ஒருத்திதான், தையல்காரம்மா வீட்டில் அப்படி ஒன்று கிடக்கிறது என்று துப்புக் கொடுத்தாள்.

தையல்காரம்மா லேசுப்பட்டவள் இல்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மேலும் கீழுமாகப் படுத்து வளர்ந்த கட்டில் அது; இருவரும் ஆளுக்கொரு தேசம் போய்விட்டார்கள். "ஒத்தப் பிள்ளை வீட்டுக்குத் தர மாட்டேம்மா. மேல காலியாக் கெடந்தா எனக்குத் தாங்காது" என்று பலரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். கண்டக்டர் வேலையில் யோசித்துப் பதில் சொன்னால் கூட்டம் தலைக்கு மேல் ஏறிவிடும். கேட்ட வாய் மூடும் முன்பே பதில் விழ வேண்டும். அந்தப் பழக்கத்தில், "எனக்கும் ரெண்டுதாங்க்கா" என்று விழுந்துவிட்டது. சின்னவனுக்கு என்ன வயது? மூன்று. எப்படிச் சாப்பிடுவான்? அதை ஏங்க்கா கேக்கறீங்க, எல்லாத்துக்கும் இடது கைதான், வாழைப்பழத்தைக் கண்டாலே ஓடுவான். அதோடு நிறுத்தியிருக்கலாம். விலை இன்னும் கொஞ்சம் இறங்கட்டுமே என்று, "அவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்துரும்க்கா. சம்பாதிக்கறதெல்லாம் டாக்டருக்கே போகுது" என்றும் சொல்லிவைத்தாள். நரம்பில்லாத நாக்கு. தையல்காரம்மா கண் கலங்கி, விலையைப் பாதியாக்கி, மெத்தை இரண்டையும் சும்மாவே கொடுத்து, ஏற்றிவிட ஆளும் பிடித்துத் தந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, வீட்டுக்காரர் அதைப் பஸ்ஸாகவே ஆக்கிவிட்டார். பட்டறையில் கழித்துப் போட்ட ஸ்டியரிங் ஒன்றைக் கீழ்க்கட்டிலின் தலைமாட்டில் பூட்டினார். பக்கவாட்டில் பிளைவுட் அடித்து, ஜன்னல்களை வட்ட மூலையோடு அறுத்து, குழந்தையின் கை கிழியாமல் ரப்பர் பட்டை ஒட்டினார். மிச்சம் மீதி சிவப்புப் பெயின்டை இரண்டு கை அடித்தார். மேலே ஏறும் ஏணிக்குப் பஸ்ஸின் கைப்பிடிக் கம்பியையே வளைத்து வைத்தார். மணியடிக்கக் கயிறும் கட்டினார். முன்னால் இருந்த ஊர்ப் பலகையில் மகள் தன் கையால் 'வீடு' என்று எழுதினாள். தெருப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் டிரைவர் இடத்தை விட்டு மேலே ஏறவே இல்லை. காலியாகக் கிடந்த மேல்தட்டைக் கண்டக்டரம்மாள் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. அடுத்த வாரமே பையன் வந்துவிட்டான்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, கை கிரீஸைத் துடைத்தபடி மேலே பார்த்தார். "யார் பெத்த பிள்ளை இது?" என்றார். "பெத்தது இல்லைங்க. நான் சொன்னது" என்று அவள் நடந்ததைச் சொன்னாள். அவர், "சொல்றதுதான் சொன்ன, ஆரோக்கியமான பிள்ளையாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு, தூக்கத்தில் உருண்டு விழாமல் இருக்க, மேல்தட்டுக்கு இன்னும் உயரமாக ஒரு கம்பி வைக்க அளவெடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி, "சின்னவன் உங்களையே உரிச்சு வெச்சிருக்கான்" என்றாள். அவன் பேசுவானா என்று தையல்காரம்மா கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அதனால் பையன் பேசவில்லை. சிரிப்பதைப் பற்றியும் பேச்சு வரவில்லை. காய்ச்சல் மட்டும் சொன்னபடி அடிக்கடி வந்தது.

டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார், சிறுநீரைச் சோதித்தார், நெஞ்சைப் படம் பிடித்தார். "ஒண்ணுமே இல்லம்மா. ஆனா கொதிக்குது" என்று கையை விரித்தார். எப்படி இருக்கும்? அந்தக் காய்ச்சல் கிருமியால் வந்ததா? மெத்தையோடு சேர்த்து இவள் பேரம் பேசி வாங்கி வந்தது. ஈரத் துணியை அவன் நெற்றியில் போடும்போதெல்லாம், 'பாவி, என் வாயில புத்து வர' என்று தன்னையே வைதுகொள்வாள். அவனோ அழவும் தெரியாமல், இடது கையால் அவள் விரலைப் பிடித்தபடி அவளையே பார்ப்பான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் ஜுரம் ஏறி அவனுக்கு வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகும் சூடு குறையவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிடுவது, சொன்னால் காய்ச்சல் போய்விடும் என்று செருப்பை மாட்டினாள். "உண்மையச் சொன்னா காய்ச்சல் மட்டும் போகுமா, தம்பியும் போயிருவானா?" என்று மகள் கேட்டாள். அவள் குடையை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்கு நடந்தாள்.

தையல்காரம்மா மிஷினில் ஏதோ பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அன்னிக்குக் கட்டில் வாங்கறப்போ நான் ஒண்ணு சொன்னேன்ல..." என்று இவள் ஆரம்பித்ததும், மிஷினை நிறுத்திவிட்டு, "சின்னவனுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றாள். கேட்ட வாய் மூடும் முன்பே பதில் போடும் கண்டக்டரம்மாள் அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தாள். சொல்லிவிட்டால் நெஞ்சில் பாரம் இறங்கிவிடும், நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அந்த நிம்மதிக்கு அவனல்லவா விலை? ஒரு தடவை அவனை வைத்துப் பேரம் பேசியது போதாதா?

"நல்லா இருக்கான்க்கா" என்றாள். "காய்ச்சல் வர்றதே இல்ல. வாய்தான் காது வரைக்கும். சிரிச்சான்னா தெருக்கோடிக்குக் கேக்கும். நீங்க வேணும்னா பாருங்க, நம்மளை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டு நூறு வயசு இருப்பான்." சொல்லச் சொல்லக் கண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தையல்காரம்மா தண்ணீர் கொடுத்தாள். வெட்டிய துணியில் மிச்சம் எடுத்து, சின்னவனுக்கு என்று ஒரு சட்டையும் தைத்துக் கொடுத்தாள். அதை வாங்கும்போது அவளுக்குக் கை கூசியது.

தெருமுனையில் திரும்பும்போதே வீட்டிலிருந்து சிரிப்பும் சண்டையும் கேட்டன. யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று தகராறு. "நான்தான் கண்டக்டர்! நீ எறங்கு மொதல்ல!" என்று பையன் மேல்தட்டில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. சட்டை அளவெடுத்தது போலப் பொருந்தியது. மறு வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஏழெட்டு வருடத்தில் கட்டில் குட்டையாகி, வீட்டுக்காரர் அதைக் கால்மாட்டில் அறுத்து நீட்ட வேண்டி வந்தது. பையனுக்கு அதன் பிறகு சளி கூடப் பிடித்ததில்லை.

காய்ச்சல் மட்டும் எங்கும் போய்விடவில்லை. அன்று சாயங்காலமே கண்டக்டரம்மாளுக்கு வந்தது, விடவே இல்லை. வீட்டுக்காரர் மாத்திரை வாங்கி வந்தபோது, "வேண்டாங்க, இது என்னோடதுதான்" என்று தள்ளி வைத்துவிட்டாள். இன்றைக்கும் அவள் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட் கையில் சுடும். பனிக்காலத்தில் சிலர், முன்னால் வரும் பஸ்ஸை விட்டுவிட்டு அவளுடைய பஸ்ஸுக்காக நிற்பார்கள். டிக்கெட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, இறங்கும் இடம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள்.