சாத்தாங்காட்டுல என் காசிமேட்டு வாயி

எம் பேரு ரோசி. ராயபுரத்துல வூடு. இன்னிக்கு என் கைல பேனா கீதுன்னா அதுக்கு ராமசெல்விதான் காரணம். இத்த நான் கோயில் வாசல்லயும் சொல்லுவேன், குழாயடிலயும் சொல்லுவேன்.

ராமசெல்வி தூத்துக்குடிக்காரி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல அவ மாமனார் ராமசுப்பு அய்யா தகடு கடை வச்சிருக்காரு. அதுல இங்கிலீஷ்ல லெட்டர் எழுதி வெளியூர் ஆர்டர் புடிக்கறவ அவதான். எதிர்லயே சரக்கு சோதிக்கிற கம்பெனி. அங்க நான் பெருக்கிக்கினு இருந்தேன். பத்து வருசமா தகட்டோட பொழங்கினதுல தரம் எனக்கு அத்துப்படி. ஆனா ரிப்போர்ட்டு இங்கிலீஷ்ல எழுதணுமே!

டீ நேரத்துல அவளே கூப்ட்டு சொல்லிக் குடுத்தா. "சாம்பிளையும் வந்த சரக்கையும் ஒப்பிட்டு, எது ஒசத்தி, எவ்வளவு ஒசத்தின்னு சொல்லணும். அம்புட்டுதான்ட்டி. ரெண்டு ரெண்டு வார்த்தையா, சோடி சோடியாப் படிச்சிரு."

ரஃப்லி ஈக்குவல்னா ஏறக்கொறைய சமம். ஸ்லைட்லி இன்ஃபீரியர்னா கொஞ்சூண்டு மட்டம். ஃபார் இன்ஃபீரியர்னா படு மட்டம். இப்டி இருபது சோடி. பாத்ததுக்கெல்லாம் சொல்லிப் பழகினேன். எங்கூட்டுக்காரரையும் அவரு தம்பியையும் பாத்து "ரஃப்லி ஈக்குவல்"னேன். அர்த்தம் கேட்டுக்கினு மனுசன் ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல.

மேனேஜர் சவரிநாதன் சார் பரீட்சை வச்சாரு, பாஸாயிட்டேன். மூணு மாசம் சரக்கு பாத்து ரிப்போர்ட்டு எழுதற செக்கரா இருந்து பாரு, சரியா செஞ்சா நெரந்தரம்னாரு. அன்னிக்கு ராமசெல்வியைக் கட்டிப்புடிச்சி அழுதேன்.

ரெண்டாவது மாசம் அவ கடை சரக்கே சோதனைக்கு வந்துச்சி. பெங்களூருக்குப் போற தகடு, அவ புடிச்சதுலயே பெரிய ஆர்டரு. கடலுக் காத்துல மேலாக்கத் துரு ஏறி இருந்துச்சி. தோஸ்து கடைன்னு ரோசி சலுகை காட்டிட்டான்னு ஒருத்தனும் சொல்லக்கூடாதுன்னு வெறப்பா நின்னேன். எழுதினேன் பாரு, 'ஃபார் இன்ஃபீரியர்'னு!

நான் காசிமேட்டுல மீன் வாங்கியே வளந்தவ. துள்ளிக்கினு இருக்கற சங்கராவப் பாத்தாலும் மொதல்ல "த்தூ, நாறுது!"ன்னுதான் வாயத் தொறப்போம். விக்கறவளுக்கும் தெரியும், லேசா வாடியிருக்குன்னு சொல்றோம்னு. யாரும் அத்த மனசுல வச்சிக்க மாட்டாங்க. அதே வாயி அப்டியே பேனாவுல எறங்கிடுச்சி. பெங்களூர்க்காரனுக்கு இன்னா தெரியும்? எழுதினத எழுதினபடியே படிச்சான். சரக்கே வேணாம்னுட்டான்.

ராமசுப்பு அய்யா கடை நடுவுல நின்னு, "போதும் ஒன் இங்கிலீஸு. நாளையில இருந்து நீ கடைக்கு வர வேண்டாம்"னு மருமவளாண்ட சொன்னாரு. எதிர்ல நின்ன எனக்கே கேட்டுச்சி. அவ என்னைத் திட்டல. ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டா. அதுக்கு நாலு அறை வுட்டுருக்கலாம் அவ.

சோறு கொடுத்தவ கைய ஒடிச்சிட்டியேடி பாவின்னு என்னை நானே திட்டிக்கினு தகட்டுக்கிட்ட ஓடினேன். கோணித்துணியால தேய்ச்சேன். துரு துணியோட வந்துடுச்சி, அடில ஒரு குழி இல்ல. கனம் அளந்தேன், சாம்பிளும் இதுவும் ஒண்ணுதான். நேரா மேனேஜர் சாராண்ட போனேன்.

"சார், நான் எழுதினது தப்பு. ஸ்லைட்லி இன்ஃபீரியர், அவ்ளோதான். வேற ஆள வச்சிப் பாருங்க."

அவரே வந்து பாத்தாரு. பாத்துட்டு, "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா திருத்தின ரிப்போர்ட்ல, மொதல் ரிப்போர்ட்டு உன் தப்புன்னு கையெழுத்துப் போடணும். போட்டா உன்ன செக்கரா வச்சிக்க எனக்கு வழி இல்ல. யோசிச்சிக்க"ன்னாரு.

யோசிக்கறதுக்கு இன்னா கீது? போட்டேன். மறுநாளே பழையபடி தொடப்பம். பெருக்கும்போது அழுகையா வந்துச்சி, ஆனா திருத்தின ரிப்போர்ட்டப் படிச்சி பெங்களூர்க்காரன் சரக்க ஒத்துக்கினான், லாரி கெளம்பிடுச்சி.

நாலு நாளு எதிர் பக்கம் தலையே தூக்கல நான். அஞ்சாம் நாளு ராமசுப்பு அய்யாவே ரோட்டத் தாண்டி வந்தாரு. பின்னாடி ராமசெல்வி. கணக்குத் தீக்க வந்துட்டாங்கன்னு நெனச்சி, "அய்யா, மன்னிச்சிடுங்க"ன்னு கும்புட்டேன்.

"எங்க கொறையயும் ஒளிக்காம எழுதுன, ஒங் கொறையயும் ஒளிக்காம எழுதுன. இந்த மார்க்கெட்டுல அப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல தாயி. நம்ம கடையில இருந்து போற சரக்க இனிமே மொதல்ல நீ பாத்து எழுதிக் குடு. மருமவ அத வச்சி ஆர்டர் பேசட்டும்"னாரு.

மருமவ பேசட்டும்னாரே, அந்த வார்த்தைக்குத்தான் நான் ஓன்னு அழுதேன்.

ராமசெல்வி என் கையப் புடிச்சிக்கினா. "எனக்கு இன்னும் கோவம் தீரல, பாத்துக்க"ன்னா.

"தீர வேணாம்டி. தெனம் வந்து உன்னாண்ட திட்டு வாங்கிக்கறேன்"னேன்.