மூன்றாவது தும்மல்

குப்புராஜின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தெருமுனை ஒலிபெருக்கி பாட்டின் நடுவில் நின்றது. கனகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் பிணம் கிடக்கும்வரை அம்மன் கோயில் நடை திறக்காது, மைக் பாடாது. பம்மலில் அது எழுதாத சட்டம்.

"இன்னிக்குன்னு பாத்தா பூட்ட?" என்றாள் புருஷனிடம். விடியலில் பல் தேய்க்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அன்று மாலை ஆடித் திருவிழாவில் ஆர்மோனியம் அசரியாவின் கச்சேரி. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வந்ததும் குப்புராஜுக்கு அவர் கேசட் ஓட வேண்டும். அதில் ஆர்மோனியத்துக்கு ஜலதோஷம் பிடித்துத் தும்மும். கூட்டம் "நூறு!" என்று வாழ்த்தும். அடுத்த தும்மலுக்கு "இருநூறு!" மூன்றாவதற்குக் கூட்டத்தை முந்திக்கொண்டு குப்புராஜ் கத்துவார்: "முந்நூறு!" குறுக்கே கனகவல்லி வந்துவிட்டால், "மறைக்காத, தள்ளு" என்பார். டேப் ரெக்கார்டரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

நேரில் பார்க்க மட்டும் வாய்க்கவில்லை. எண்பத்தொன்பதில் தாம்பரத்தில் மழை கொட்டியது. அடுத்த முறை பஸ்ஸில் தூங்கிப்போய்ப் பெருங்களத்தூரில் கண் விழித்தார்.

மத்தியானம் விழாக்குழு தட்சிணாமூர்த்தி நெளிந்துகொண்டு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஏழு மணிக்குக் கச்சேரி. பையன் எப்போ வரான்?"

"சம்பத் வேலூர்லேந்து வந்துகினு கீறான். அஞ்சாவும்."

"அவன் வந்ததும் சட்டுனு எடுத்துட்டா..."

"உங்கண்ணன் என்னிக்கு நேரத்துக்குக் கெளம்பிச்சு? இன்னிக்கு மட்டும் கெளம்பிடுமா?"

அழுதுகொண்டிருந்தவர்களில் யாரோ களுக்கென்றாள்.

எடுத்துவிட்டால் கச்சேரி நடக்கும், அவர் இருக்கமாட்டார். எடுக்காவிட்டால் அவர் இருப்பார், கச்சேரி நடக்காது. கனகவல்லி மூக்கைச் சிந்தினாள்.

"அந்த அசரியா வந்துட்டாரா?"

"கோயிலாண்ட டீ குடிச்சிகினு கீறாரு."

"பொட்டியோட இட்டுகினு வா."

"மைக் போடக் கூடாதேக்கா!"

"மைக் இன்னாத்துக்கு? உங்கண்ணன் முன்வரிசையிலதான கீது."

அசரியா வந்தார். கேசட்டில் கேட்ட குரலுக்கு ஆள் பாதிதான் இருந்தார். பெஞ்சில் கிடந்தவரைக் கும்பிட்டார்.

"சாவு வூட்டுல நான் சிரிப்பு வாசிச்சதில்லம்மா."

"அது அழுது நான் பாத்ததில்லீங்க. நீங்க தும்முங்க."

அவர் பாயில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். ஆர்மோனியம் மூக்கை உறிஞ்சியது. திணறியது. தும்மியது.

தட்சிணாமூர்த்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "நூறு" என்றார்.

இரண்டாவது தும்மலுக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து "இருநூறு!" வந்தது.

மூன்றாவதற்கு ஆர்மோனியம் வெகுநேரம் மூச்சிழுத்துத் தும்மியது. எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். தெருவுக்கே தெரியும், அது யாருடைய முறையென்று. அசரியாவின் கை துருத்தியிலேயே நின்றது.

"முந்நூறு!" என்றாள் கனகவல்லி. தொண்டை கிழிய, அப்படியே அவரைப் போல.

பந்தல் சிரித்தது. வாசலில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அசரியா தலையாட்டிவிட்டு, ஆர்மோனியத்துக்குக் குறட்டை விடச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் கனகவல்லி கவனித்தாள். பெட்டிக்கும் பெஞ்சுக்கும் நட்டநடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.