ரூல்படி ஓடிய வண்டி

ரயில் கிளம்பும் நேரத்தில் ஏறிய இளைஞன் தலைமை அலுவலகத்து ஆள் என்று தெரிந்ததுமே கார்டு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒற்றைப் பெட்டியில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை. “இந்த லைன்ல எத்தனை பேர் போறாங்கன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க” என்றான், மரியாதையாகத்தான்.

கார்டு முன்னால் ஓடி டிரைவரிடம் சொன்னார்.

“அப்ப இன்னிக்கு ஒரு நாள் ரூல்படி ஓட்டிருவோம். மூடுன ஸ்டேஷன்ல நிறுத்த வேணாம். எனக்கு பென்ஷன் முக்கியம், உனக்கு வேலை முக்கியம்” என்றார் டிரைவர்.

“எங்க அக்கா நிப்பாங்களேண்ணே. மாமாவுக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ற நாள். காலெல்லாம் வீங்கிக் கெடக்கு.”

“போன் போட்டுச் சொல்லு.”

போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே எடுத்துப்போனால் தொலைந்துவிடும் என்று அக்கா போனை வீட்டில்தான் வைத்துவிட்டு வருவாள்.

மலையில் கல் வெட்டிய காலத்தில் இந்தத் தண்டவாளத்துக்கு மூச்சுவிட நேரம் இருந்ததில்லை. சரக்கு வண்டிக்கு வழிவிட்டுப் பயணிகள் வண்டி மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். மலை தீர்ந்தது, சரக்கு நின்றது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் இந்த ஒன்று மிஞ்சியது. நடுவிலிருந்த நிறுத்தங்களையும் மூடிவிட்டார்கள். ஆனால் ஏறுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். சாலைப் பாலம் உடைந்ததிலிருந்து அவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. கை காட்டினால் டிரைவர் நிறுத்துவார். டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. மேலே தெரியாதவரைக்கும் நல்லது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

முதல் நிறுத்தத்தில் இரண்டு பேர் கை காட்டிக்கொண்டே ஓடி வந்து, வண்டி நிற்காததைப் பார்த்து ஓட்டத்திலேயே நின்றுபோனார்கள். அலுவலக இளைஞன் அப்போது மறுபக்க ஜன்னலில் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது அக்காவின் நிறுத்தம். ஹாரன் கேட்டதும் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து மாமாவைத் தோள்கொடுத்து எழுப்பி நிறுத்தியிருந்தாள்.

“இங்க யாரோ நிக்கிறாங்களே?” என்றான் இளைஞன்.

கார்டு வாசலுக்குப் போய் நின்றார். “சும்மா வண்டி பாக்க வந்தவங்க சார். பொழுது போகாது.”

அக்கா கையைத் தூக்கினாள். வாசலில் நின்ற தம்பியின் முகத்தைப் பார்த்ததும், ஏதோ காரணம் இருக்கும் என்பதுபோல உடனே இறக்கிக்கொண்டாள்.

கடைசி ஸ்டேஷனில் இளைஞன் இறங்கி இருவருக்கும் கைகொடுத்தான். “பாவம் சார் நீங்க. ஒருத்தர்கூட ஏறலை. மாசக் கடைசியோட நிறுத்திடலாம்னு எழுதப்போறேன். உங்களை நல்ல லைனுக்கு மாத்திடுவாங்க.”

“ஆள் ஏறுவாங்க சார்” என்றார் கார்டு.

“எங்க?”

“நடுவுல... மூடுன ஸ்டேஷன்ல.”

அவன் சிரித்துவிட்டான். “மூடுன ஸ்டேஷன்ல எப்படி சார் ஏறுவாங்க?”

டிரைவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் திரும்பும்போது, யாரும் சொல்லாமலே டிரைவர் அக்காவின் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினார். ஹாரனை நீளமாக அடித்தார். ஒருவரும் வரவில்லை. நாற்காலி மட்டும் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தது. யாரோ இடம் பிடித்து வைத்ததுபோல அதன்மேல் மாமாவின் துண்டு கிடந்தது. கார்டு பச்சைக்கொடி காட்டினால்தான் வண்டி நகரும். டிரைவர் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.