பிச்சையா பேரை எழுதலாமா

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அறுபத்தாறாம் வருஷப் பங்குனியில் குற்றாலத்தில் நான் அறை எடுத்தது, பாதியில் நின்ற ஒரு காதல் கதையை முடிக்க. பங்குனியில் அங்கே அறை சும்மா கிடைக்காத குறைதான். அருவி பாறையில் நூலாக இறங்கிக்கொண்டிருக்கும். கடைகள் சாத்திக் கிடக்கும். பேச ஆள் இருக்காது. ஒரு வாரத்துக்குள் எழுத்தும் நின்று, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பும் பிடித்துக்கொண்டது. விடுதிக்காரர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் யாக்கூப்பை அனுப்பிவைத்தார்.

நான் குப்புறப் படுத்திருந்தேன். அவர் சொன்னது முழுவதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆகவே இந்தக் கதையில் யாக்கூப்பின் முகம் எங்கேயாவது வாடினால், கண் கலங்கினால், அது நான் சேர்த்தது.

2

தொடங்கிப் பார்த்தவை:

‘அகில இந்திய சைக்கிள் வீரர் யாக்கூப், தென்காசித் திடலில் ஏழு நாள் இரவும் பகலும் கீழே இறங்காமல்...’ (நோட்டீஸ் போல இருக்கிறது.)

‘குற்றால மலையில் மேகம் கவிந்திருந்த ஒரு மாலையில்...’ (பங்குனியில் ஏது மேகம்?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாக்கூப்புக்கு அதுதான் தொழில். ஊர் ஊராகப் போவார். திடலின் நடுவே கம்பம் நட்டு, மைக் செட் கட்டுவார்கள். அந்தக் கம்பத்தைச் சுற்றி ஏழு நாள் சைக்கிள் ஓட்டுவார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சீட்டில் இருந்தபடியே. கால் தரையில் பட்டால் தோற்றதாக அர்த்தம். கடைசி நாள் மாலை போட்டு, தோளில் தூக்கித் தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தூக்கம் வந்து கண்ணை அடைக்கும்போது, வெற்றிலை மடிப்புக்குள் ஒரு வெள்ளை மாத்திரை வரும். பட்டாளத்திலிருந்து திரும்பிய கம்பவுண்டர் ஒருவர் கொடுத்தது. போட்டால் தூக்கம் ஓடிவிடும். பசிக்காது. பல் தானாக நெறுநெறுக்கும். கண் இமைக்க மறந்துவிடும். ஜனங்கள் அதைப் பார்த்து, என்ன வைராக்கியம் என்பார்கள்.

வெற்றிலையை மடித்துக் கொடுத்தவர் பிச்சையா. யாக்கூப்பின் கூட்டாளி.

3

யாக்கூப் சொன்ன பிச்சையா ரொம்ப நல்லவராக இருக்கிறார். சைக்கிளோடு கூடவே ஓடிக்கொண்டு கதை சொல்லுவார். பெண்டாட்டி வடிவம்மாளுக்குப் பயப்படுவார். ‘செத்துப்போனவர்கள் எல்லோரும் இப்படித்தான் நல்லவர்களாகி...’ (அடித்துவிட்டேன். எனக்கு என்ன தெரியும்?)

கீழப்பாவூர்ப் போட்டியின்போது யாக்கூப்புக்குக் காய்ச்சல். நோட்டீஸ் அடித்தாயிற்று. பிச்சையா, தானே ஏறுவதாகச் சொன்னார். யாக்கூப் படுத்த இடத்திலிருந்தே மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். தூக்கம் வந்தால் ஒன்று, ரொம்ப வந்தால் இரண்டு என்றார். பிச்சையா எத்தனை போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. ஆறாம் நாள் நல்ல வெயிலில், சுற்றி வந்துகொண்டிருந்தவர் ஹாண்டில்பார்மேல் குனிந்தார். களைப்பாறுகிறார் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். சைக்கிள் பாதிச் சுற்று அதுவாகவே போய்ச் சாய்ந்தது.

வெயில் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். கடைசிவரை இறங்காமல் உயிரை விட்ட வீரன் என்றார்கள். யாக்கூப் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டுவலி என்று தொழிலை விட்டுவிட்டுக் குற்றாலம் வந்து, மற்றவர்களுக்குக் கால் பிடித்துவிடத் தொடங்கினார்.

4

(இங்கே எட்டு வருஷத்தைத் தாண்டுகிறேன். அந்த எட்டு வருஷமும் அவர் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் கதை என்று சில சமயம் தோன்றுகிறது. ஒன்றும் பேசாமல் இருந்ததை எப்படி எழுதுவது?)

போன வருஷம் தென்காசியில் மறுபடி கம்பம் நட்டார்கள். ஓட்டியவர் இலத்தூர்க்காரர், தாணு என்று பேர். நோட்டீஸில், ‘மறைந்த வீரர் பிச்சையா நினைவாக’ என்று போட்டிருந்தது. யாக்கூப் போய்க் கூட்டத்தோடு நின்று பார்த்தார். தாணுவின் தாடை அரைத்துக்கொண்டிருந்தது. கண் இமைக்கவில்லை.

யாக்கூப் சைக்கிளோடு கூடவே நடந்து, எதைப் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், இறங்கிவிடு என்று மெதுவாகச் சொன்னார். தாணு வேகத்தைக் குறைக்கவில்லை.

“நீங்க அதப் போட்டுத்தான மாலை வாங்குனீங்க, அண்ணாச்சி? நான் வாங்குத நேரத்துல வந்து இறங்கச் சொல்லுதீங்க.”

யாக்கூப் கூட்டத்துக்குத் திரும்பினார். மைக்கில் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். சொன்னால் பிச்சையா பேரும் வெளியே வரும். அதனால் முதலில் வடிவம்மாளைப் பார்க்கப் போனார்.

5

வடிவம்மாள் அரிசி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் தவிட்டுத் தூசியோடு வெளியே வந்து நின்று கேட்டார். யாக்கூப் எல்லாவற்றையும் சொன்னார். பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது உட்பட.

முதல் வரைவில் வடிவம்மாளை அழவைத்தேன். இரண்டாவதில் யாக்கூப்பை அடிக்கவைத்தேன். இரண்டுமே நடக்கவில்லையாம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

“வெயில்ல போயிட்டாருன்னுல்லா நெனச்சிருந்தேன்,” என்றார். பிறகு, “ஊர்ல அவரப் பத்தி நல்லபடியா ஒரு பேச்சு இருக்கு அண்ணே. எனக்கு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டுப் போயிராதீங்க.”

தாணுவும் செத்துப்போவானே என்று யாக்கூப் கேட்டார். வடிவம்மாள் ஆலைக்குள்ளே போய்விட்டார்.

6

மறுநாள் பகலில் யாக்கூப் மைக்கைப் பிடித்தார்.

(நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் பேசாமல் பஸ் ஏறியிருப்பேன். இந்த இடத்தை எழுத எனக்கு இவ்வளவு சிரமமாக இருப்பது அதனால்தான்.)

நான் ஓட்டியதெல்லாம் மாத்திரை போட்டுத்தான் என்றார். பிச்சையா செத்ததும் நான் கொடுத்த மாத்திரையால்தான். இந்தத் தம்பியும் அதைத்தான் போட்டிருக்கிறான், இறக்கிவிடுங்கள். இவ்வளவுதான் பேசினார். பிறகு யாரோ, பழைய ஆளுக்கு வயிற்றெரிச்சல் என்றார்கள். சிரித்தார்கள். மைக் செட்காரர் ரிக்கார்டைப் போட்டுவிட்டார்.

தாணு இறங்கவில்லை. சாகவும் இல்லை. ஏழாம் நாள் நன்றாகவே இறங்கி, மாலையோடு தோளேறிப் போனார். அத்தோடு யாக்கூப் பொய்யராகிவிட்டார். தென்காசிக் கடைத்தெருவில் அவரோடு நின்று பேச இன்றைக்கு ஆள் கிடையாது. ஆனால் அவர் சொன்ன எதையும் நம்பாத ஊர், பிச்சையா விஷயத்தை மட்டும் கொஞ்சம் நம்பிக்கொண்டது. வடிவம்மாள் தண்ணீருக்குப் போகும் இடத்தில் பேச்சு நிற்க ஆரம்பித்தது.

தாணு அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஓட்டவில்லை. ஏன் என்று கேட்க இலத்தூர் போனேன். கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வேறு ஒன்றும் தெரியவில்லை.

7

எழுதிப் பார்த்த முடிவுகள்:

தாணு குற்றாலம் வந்து, யாக்கூப்பின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால்தான் நான் விட்டேன் அண்ணாச்சி என்கிறார். (நன்றாகவே வந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.)

உண்மையைச் சொன்ன யாக்கூப்புக்கு மனசு லேசாகிறது. (இதை அவரிடமே கேட்டேன்.)

என் இடுப்பிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: “இல்ல சார். சொல்லாம இருந்த மட்டும் நான் தனியாத்தான் இருந்தேன். சொல்லிட்டா கூட நாலு பேரு இருப்பாங்கன்னு நெனச்சேன்.”

மறுபடி அப்படி ஒருவன் ஏறினால் சொல்லுவீர்களா என்றேன். சொல்லுவேன் என்றார். யோசிக்கவில்லை. பிறகு, நான் எழுதப்போகிறேன் என்றதும் கை நின்றது. என் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள், பிச்சையா பேரைப் போடுவதானால் வடிவம்மாளிடம் கேட்டுவிடுங்கள் என்றார்.

8

கேட்கப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆலைச் சுவரோரமாகத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேப்பரில் போடப்போகிற சேதியா என்று கேட்டார். இல்லை, கதை என்றேன்.

“கதைன்னா நீங்க நெனச்சபடி எழுதலாமுல்லா?”

எழுதலாம் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“அப்ப அவரு பேரைப் போட்டுக்கோங்க. மாத்திரை தின்னதையும் போட்டுக்கோங்க. ஆறாம் நாளு அவர இறக்கிவிட்டுருங்க சார். தோத்துட்டாருன்னு எழுதுங்க. சிரிக்கவன் சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்துட்டாருன்னு எழுதுங்க.”

எழுதி முடித்ததும் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

அறைக்குத் திரும்பியதிலிருந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்:

‘கீழப்பாவூர்த் திடலில், ஆறாம் நாள் வெயிலில், பிச்சையா பிரேக்கைப் பிடித்தார். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் இடது காலை

இதற்குமேல் எனக்கு வரவில்லை. நடக்காததை எழுதுவது எனக்குப் புதிதில்லை; மைக்கில் உண்மையைச் சொன்ன யாக்கூப்பை நினைத்தால்தான் கை ஓட மாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் ஆலைக்குப் போயாக வேண்டும். அந்த வாக்கியத்தை உங்களில் யாராவது முடித்துக் கொடுத்தால், எடுத்துக்கொண்டு போய் வடிவம்மாளுக்கு வாசித்துக் காட்டுவேன்.